போயா நாள் நடுக்கம்

அருவிக்காட்டுத் தோட்டம், கீழ்ப்பிரிவு,
அக்கரப்பத்தனை.
11.02.2024

அன்புள்ள தங்கச்சி பிரியந்திக்கு,

அக்கா வடிவு எழுதிக்கொள்வது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கொழும்புக் கடையில் நிற்கும் அத்தான் தைப்பொங்கலுக்கு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனார். வருடப் பிறப்பன்று ஜப்பானில் பூமி அதிர்ந்த செய்தியைப் பார்த்ததிலிருந்து உன் நினைவுதான். நீ இருக்கும் செண்டாய் அந்த இடத்துக்குத் தூரம் என்று போனில் சொன்னாய். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. இருமல் விட்டதா? குளிருக்குக் காதை மூடிக்கொள்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். சிக்னல் கோயில் முடக்கில் மட்டும்தான் கிடைக்கிறது. அங்கே நின்று பேசினால் பாதித் தோட்டம் கேட்கும். இது எல்லார் காதிலும் விழக்கூடாத விஷயம்.

நம் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே ஆற்றுத் தண்ணீரை மலைக்குள் திருப்பி மின்சாரம் எடுக்க ஒரு கம்பனி சுரங்கம் தோண்டுகிறது. ஏழாம் நம்பர் மலைக்கு அடியால் போகிறதாம். ஜனவரி நடுவிலிருந்து தரை அதிர்கிறது. முதலில் கூரைத் தகரம் கடகடக்கும், பிறகு அடுப்படியில் பாத்திரம் நகரும். பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவின் சுவரில் விழுந்த வெடிப்புக்குள் என் நான்கு விரலும் போகிறது. இருபத்து நான்கு வீட்டில் பதினேழு வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது. பெருமழை தொடங்கினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

போன வாரம் கம்பனி என்ஜினியர் வந்தார். நன்றாகத் தமிழ் பேசினார். "இது நாங்க வெடி வைக்கிறதால இல்லீங்க. இலங்கைக்குத் தெக்கால, இந்து சமுத்திரத்துக்கு அடியில நிலத்தட்டு ரெண்டா ஒடைஞ்சுகிட்டு வருது. அந்த நடுக்கம்தான் இங்க தெரியுது. இயற்கைய யாரு என்ன செய்ய முடியும்?" என்றார். பக்கத்தில் நின்ற தோட்டத்து மேனேஜர், நம் பெரிய தொரை, தலையை ஆட்டினார்.

இயற்கை என்று எழுதிவிட்டால் கூரைக்கு ஒரு தார்ப்பாயைக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடுவார்கள். வெடி என்று ஆனால் சுரங்க வேலையை நிறுத்த வேண்டும், எங்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டித்தர வேண்டும்.

அந்தச் சமுத்திரத்தின் அடியைத்தானே நீ நான்கு வருடமாகப் படிக்கிறாய்? அங்கே உடைந்தால் என் அடுப்படியில் பாத்திரம் நகருமா? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

மாரியம்மன் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அக்கா,
சண்முகவடிவு


செண்டாய்,
03.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரியந்தி எழுதுகிறேன். இருமல் போய்விட்டது. நீங்கள் அனுப்பிய கொத்தமல்லித் தூள்தான் காரணம் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் முழங்கால் வலியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, எப்படி இருக்கிறது?

அந்த என்ஜினியர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வருகிறது. இலங்கைக்குத் தெற்கே, தென்கிழக்கே கடலடித் தட்டு வளைந்து விரிசல் விடுவது உண்மை. அதைக் கேட்கத்தான் போன தடவை கப்பலிலிருந்து எட்டுக் கருவிகளைக் கடலில் இறக்கினோம். கண்ணாடி உருண்டைக்குள் அடைத்த கருவிகள். நாலரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பத்து மாதம் உட்கார்ந்திருந்தன. மேலே வரச்சொல்லி ஒலி அனுப்பினோம். ஏழு வந்தன. ஒன்று வரவே இல்லை. அந்த ஏழிலும் நூற்றுக்கணக்கான சின்ன நடுக்கங்கள் பதிவாகியிருந்தன. ஆனால் அவற்றில் ஒன்றுகூட உங்கள் பாத்திரத்தை நகர்த்தாது, அக்கா. அவ்வளவு தூரத்திலிருந்து வந்து நம் லயத்தை அசைக்கிற நடுக்கம் என்றால் அது முதலில் காலியையும் கொழும்பையும் அசைத்திருக்கும். செய்தியில் வந்திருக்கும். கடல் நம் ஒரு லயத்தை மட்டும் தேடி வராது.

ஆனால் இங்கே உட்கார்ந்துகொண்டு "வெடிதான்" என்று நான் எழுதித்தர முடியாது. நம் மலைகளுக்கு அடியிலேயே சின்ன நடுக்கம் வருவதுண்டு. எது எது என்று பிரிக்க வேண்டும். அதற்கு நீங்கள்தான் வேலை செய்ய வேண்டும்.

ஒரு கொப்பி எடுங்கள். ஒவ்வொரு அதிர்வுக்கும் தேதி, போனில் காட்டும் நேரம், சத்தம் முதலில் வந்ததா அதிர்ச்சி முதலில் வந்ததா, எத்தனை எண்ணும் வரை நீடித்தது, என்ன விழுந்தது, வேறு யாருக்குத் தெரிந்தது என்று எழுதுங்கள். ஒன்றும் நடக்காத நாளில் "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள், அது ரொம்ப முக்கியம். யார் மேல் சந்தேகம் என்று ஒரு வரியும் வேண்டாம். மாதம் ஒரு தடவை பக்கங்களின் பிரதியைத் தபாலில் போடுங்கள். தபால் முத்திரையில் தேதி இருக்கும். பிறகு உட்கார்ந்து எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது.

அத்தானுக்கு என் அன்பு. மழைக்கு முன்னால் பின்பக்கத்தில் தண்ணீர் ஓடும் கானை வெட்டிவிடுங்கள்.

அன்புத் தங்கை,
பிரியந்தி


அருவிக்காட்டுத் தோட்டம்,
28.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சித்திரைப் பிறப்புக்கு உன் பேரில் ஒரு அர்ச்சனை செய்தேன். முழங்கால் மலை ஏறும்போது மட்டும் பேசுகிறது, மற்ற நேரம் சும்மா இருக்கிறது.

உன் கடிதம் மார்ச் பதினேழாம் தேதி கிடைத்தது. மறுநாளே தொடங்கிவிட்டோம். நான் மட்டும் இல்லை. மூன்று லயத்திலும் சேர்த்து ஏழு பெண்கள். ராக்காயி அக்காவுக்கு எழுத வராது, ஆனால் எண்ணுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. அதிர்ந்த உடனே ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணத் தொடங்கிவிடுவார். பக்கத்தில் நிற்கும் பெண் எழுதுவாள். கொழுந்து மலையில் நிற்பவர்களும் சேலை முந்தியில் போனை முடிந்துகொண்டு போகிறார்கள்.

இதோடு பத்துப் பக்கம் இருக்கிறது. ஐம்பத்தெட்டு அதிர்வு. பகல் பன்னிரண்டரைக்குப் பக்கத்தில் ஒன்று, பின்னேரம் நாலே முக்காலுக்குப் பக்கத்தில் ஒன்று. சில நாள் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் இல்லை. சித்திரைப் புத்தாண்டு லீவில் ஒன்றும் இல்லை. இருபத்து மூன்றாம் தேதி பௌர்ணமி போயா லீவு, அன்றைக்கும் ஒன்றும் இல்லை. அதை வாசித்தபோது ராக்காயி அக்கா சொன்னார்: "பூமிக்கே போயா லீவு குடுத்திருக்கான் பாரு. நம்ம தோட்டத்துல லீவு கேட்டாத்தான் மூஞ்சியத் தூக்குறானுங்க."

டவுனில் மஃறூப் நானா கடையில்தான் பிரதி எடுக்கிறேன். அவர் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு செட்டு என் கடையில இருக்கட்டும் புள்ள. லயத்துல தீப்புடிச்சாலும் கடையில இருக்கும்" என்றார். லயத்தில் ஏன் தீப்பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. ஒரு செட்டு அங்கே இருக்கிறது.

மலையில் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையா என் கொப்பியைப் பார்த்துவிட்டார். "என்னா எழுதுற?" என்றார். "நேரம் எழுதுறேங்க" என்றேன். வேறொன்றும் நடக்கவில்லை. நீ பயப்படாதே.

உன் அக்கா,
வடிவு


செண்டாய்,
19.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், நலமாக இருங்கள். அவசரமாக எழுதுகிறேன்.

உங்கள் பத்துப் பக்கத்தையும் என் பேராசிரியர் மேசையில் விரித்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். மூன்று தடவை ராக்காயி அக்கா பெயரைக் கேட்டார். இப்படி எண்ணுகிற ஆள் தன் ஆய்வகத்திலேயே இல்லை என்றார். பிறகு ஒரு சின்ன அதிர்வுமானியைக் கடனாகக் கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு. பெட்டி என்ன சொல்கிறதோ அது முழுதாக வெளியே போக வேண்டும். நமக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும். சம்மதம் என்று உங்கள் சார்பிலும் தலையாட்டிவிட்டேன்.

என்னோடு படிக்கும் இல்மா ஊருக்கு வருகிறாள். கண்டிக்காரி. பெட்டியை மஃறூப் நானா கடையில் கொண்டுவந்து கொடுப்பாள், பொருத்திப் பூட்டும் விதமும் காட்டித்தருவாள். அடுப்படி மூலையில், சீமெந்துத் தரையில் பசைபோட்டு ஒட்டிவிடுங்கள். பூனை ஏறாமல் மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே அதிர்வு பதியும் சின்ன மெமரி அட்டை இருக்கும், மாதம் ஒரு தடவை அதைக் கழற்றிக் கொப்பிப் பக்கங்களோடு அனுப்பிவிட்டுப் புது அட்டையைப் போடுங்கள்.

கண்டாக்கையா விஷயத்தை இன்னும் விவரமாக எழுதுங்கள்.

பிரியந்தி


அருவிக்காட்டுத் தோட்டம்,
01.07.2024
காலை பத்து மணி

அன்புத் தங்கச்சிக்கு,

நான் சுகம். அத்தானும் சுகம் என்று போன் எடுத்தார். இங்கே மழை பிடித்துக்கொண்டது. இப்போதும் தகரத்தில் கொட்டுகிறது. தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

உன் பெட்டி ஜூன் நான்காம் தேதியிலிருந்து அடுப்படி மூலையில் இருக்கிறது. இல்மா நல்ல பெண். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தரையில் படுத்து, மட்டம் பார்த்து ஒட்டிவிட்டுப் போனாள். மேலே நீலநிற வாளி. முதல் அட்டையையும் ஜூன் மாதப் பக்கங்களையும் இதோடு வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு அதிர்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் இல்லை. இருபத்தோராம் தேதி பொசன் போயா. ஒன்றும் இல்லை.

பிரதேச செயலகத்தில் விசாரணை வைக்கப் போகிறார்கள். ஓகஸ்ட் என்கிறார்கள். நாங்கள் போட்ட மனுவில் இருபத்து நான்கு வீடும் கையெழுத்து வைத்திருக்கிறது. கம்பனிக்காரர்களும் வருவார்கள்.

ராக்காயி அக்கா வீட்டுச் சுவர் போன வியாழக்கிழமை பாதி விழுந்தது. அவர் வெளியே நின்றதால் தப்பினார். இப்போது என் வீட்டில் இருக்கிறார். கல் நகர்ந்த இடத்திலிருந்து தண்ணீர் ஊறுகிறது. நீ இதை நினைத்துப் படிப்பை விட்டுவிடாதே. உன் வேலையைப் பார்.

அக்கா,
வடிவு


செண்டாய்,
21.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் ராக்காயி அக்காவும் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். இங்கே கடும் வெயில். நான் சுகம்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்லுங்கள்.

ஜூலை முதலாம் தேதி திங்கட்கிழமை. அன்று காலை பத்து மணிக்கு நீங்கள் வீட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் மழையென்றாலும் படங்கைக் கட்டிக்கொண்டு மலையில் நிற்க வேண்டியவர். ஏன் வீட்டில் இருந்தீர்கள்?

அடுத்தது. ஜூன் இருபத்தோராம் தேதி, போயா அன்று, பின்னேரம் இரண்டு பத்துக்குப் பெட்டியில் ஒரு அதிர்வு இருக்கிறது. பதினொரு விநாடி. வாளியே ஆடியிருக்கும். கொப்பியில் "ஒன்றும் இல்லை" என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் ஏழு பேருக்கும் தெரியாமல் போகாது. ராக்காயி அக்கா எண்ணாமல் இருந்திருக்க மாட்டார்.

அக்கா, அந்த நாளை மறைத்திருந்தால் மற்ற நூற்று ஐம்பது வரியும் பொய்யாகிவிடும். கொழும்பில் அரசாங்கக் கருவி இருக்கிறது. இதே நடுக்கம் அதிலும் பதிவாகியிருக்கும். கம்பனிக்காரன் அதைத் தேடி எடுத்து வந்து விசாரணையில் வீசினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? நான் என் பேராசிரியரிடம் என்ன சொல்வேன்? நாலு வருடமாக எனக்கு அவர் சொல்லித்தந்தது ஒன்றுதான். பிடிக்காத பதிவையும் தூக்கிப் போடாதே.

பதில் எழுதுங்கள்.

பிரியந்தி


செண்டாய்,
18.08.2024

அக்காவுக்கு,

சுகமா? நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. மஃறூப் நானாவிடம் கேட்டேன், "வடிவு நல்லா இருக்கா, கோவமா இருக்கா" என்றார்.

கோபத்தையாவது எழுதி அனுப்புங்கள்.

பிரியந்தி


அருவிக்காட்டுத் தோட்டம்,
20.08.2024

தங்கச்சிக்கு,

உயிரோடு இருக்கிறேன். ராக்காயி அக்காவும் இருக்கிறார்.

நீ கேட்ட இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஜூன் பதினெட்டாம் தேதி காலையில் பெரட்டில் என் பெயரைக் கூப்பிடவில்லை. வேலை பிரிக்கும் இடத்தில் கூடையோடு நின்றேன். எல்லார் பெயரையும் கூப்பிட்டு முடித்துக் கண்டாக்கையா கொப்பியை மூடினார். "என் பேரு?" என்றேன். "நீ வேலை நேரத்துல வேற வேல பாக்குறியாம். தொரை நிப்பாட்டச் சொல்லிட்டாரு" என்றார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் பெரட்டுக்குப் போகிறேன். கூடையோடு நிற்கிறேன். எல்லாரும் மலைக்கு ஏறிய பிறகு வீட்டுக்கு வருகிறேன். என்னைப் பார்க்காமல் பெயர் கூப்பிட அவர்களால் முடியாது. அது போதும் எனக்கு. உனக்கு எழுதினால் படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று எழுதவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் அந்த நடுக்கம் வந்தது. எல்லாருக்கும் தெரிந்தது. ராக்காயி அக்கா பதினொன்று வரை எண்ணினார். "எழுது" என்றார். "எழுத மாட்டேன்" என்றேன். "ஒன்றும் இல்லை" என்று எழுதியது நான் ஒருத்திதான். போயா அன்றும் அதிர்ந்தது என்று எழுதினால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கம்பனிக்காரன் எல்லாமே இயற்கை என்று சொல்லிவிடுவான் என்று பயந்தேன். அவன் நாளுக்கு ரெண்டு பொய் சொல்கிறான். நான் ஒன்று சொன்னேன்.

உன் கடிதத்தைப் படித்தபோது கிழித்து அடுப்பில் போடத் தோன்றியது. நீ கடலுக்கு அடியில் பெட்டி வைக்கிறாய். அதைப் பிடுங்க அங்கே தொரை வரமாட்டான். உன் பெயரை வெட்ட மாட்டான். இரண்டு வாரம் இப்படியே உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டேன்.

பிறகு ராக்காயி அக்கா ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "என் செவுரு விழுந்தது உண்மை. அத ஒரு பொய்யோட சேர்த்து ஏன் நிறுத்துற?"

நேற்று மற்ற ஆறு பேரையும் கூப்பிட்டேன். "ஒன்றும் இல்லை" என்பதை ஒரே கோட்டால் வெட்டினேன், கீழே இருப்பது வாசிக்கத் தெரிகிற மாதிரி. பக்கத்தில் இரண்டு பத்து, அதிர்ச்சி முதலில், பதினொன்று எண்ணும் வரை, வாளி ஆடியது என்று எழுதினேன். முன்பு தவறாக எழுதியது நான் என்றும் எழுதி நேற்றைய தேதியைப் போட்டேன். எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். ராக்காயி அக்கா பெருவிரல் வைத்தார். பிரதி உள்ளே இருக்கிறது. ஜூலை மாதத்து அட்டையும்.

இனி தோற்றாலும் நிமிர்ந்து நின்று தோற்கலாம்.

தேர்தல் வருவதால் விசாரணையை ஒக்டோபர் ஒன்பதுக்குத் தள்ளிவிட்டார்கள்.

வடிவு


செண்டாய்,
08.09.2024

என் அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ஆய்வகத்துக்குப் போகவில்லை. அறையில் இருந்து அழுதேன். பிறகு சோறு ஆக்கிச் சாப்பிட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்தேன். பெயர் வெட்டப்பட்டதைக் கேட்காமல் கொப்பியில் ஒரு வரியைக் கேட்டேன். என்னை மன்னியுங்கள். ஆனால் அந்த வரியைத் திருத்தியதற்கு நான் உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

கேளுங்கள். எந்த நடுக்கத்திலும் இரண்டு அலை வரும். முதல் அலை வேகமாக ஓடிவரும், இரண்டாவது பின்னால் வரும். தூரம் கூடக் கூட இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கூடும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுகிறோமே, அந்த மாதிரி. போயா அன்று வந்ததில் இடைவெளி மூன்று விநாடி. அப்படியென்றால் ஏறக்குறைய இருபத்து நாலு கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்த உண்மையான சின்ன நிலநடுக்கம் அது. மற்ற அத்தனையிலும் இடைவெளியே இல்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒரு கிலோமீட்டருக்குள், உங்கள் காலடியில் நடப்பவை அவை. ஒவ்வொன்றிலும் தரை முதலில் மேலே தள்ளப்படுகிறது, அடியில் வெடி வைத்தால் அப்படித்தான் தள்ளும்.

நீங்கள் மறைக்க நினைத்த நடுக்கம்தான் இப்போது நம்மிடம் இருக்கும் பெரிய சாட்சி. நிலநடுக்கம் வந்தால் இந்தப் பெட்டியில், இந்தத் தரையில் எப்படிப் பதிவாகும் என்று அது காட்டிவிட்டது. அது இல்லாவிட்டால் ஒப்பிட்டுக் காட்ட நம் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

நான்கு பக்க அறிக்கை இதோடு இருக்கிறது. தமிழில் நான் எழுதினேன், சிங்களத்தில் இல்மா எழுதினாள். பேராசிரியர் கையெழுத்து வைத்திருக்கிறார். இரண்டு பெரிய தாளில் இரண்டு கோடு. ஒன்று போயா நடுக்கம், மற்றது ஒரு சாதாரண நாளின் பன்னிரண்டரை மணி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும்.

எங்கள் கப்பல் இருபத்தைந்தாம் தேதி புறப்படுகிறது. போகாமல் நின்றுவிடுகிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. நீங்கள் திட்டுவீர்கள். போனில் பேச அனுமதி கேட்டேன், நேரில் வருபவர்கள் மட்டும்தான் என்றார்கள். நீங்கள்தான் பேச வேண்டும், அக்கா. நான் படித்ததைத்தான் சொல்வேன். நீங்கள் அந்தத் தரைமேல் படுத்து எழும்பியவர்.

குளிர் தொடங்கும், முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள். ராக்காயி அக்காவின் பெருவிரலுக்கு என் முத்தம்.

பிரியந்தி


அருவிக்காட்டுத் தோட்டம்,
20.10.2024

அன்புத் தங்கச்சி பிரியந்திக்கு,

அலை மேல் இருப்பவளுக்கு அக்கா எழுதுவது. நீ கரைக்கு வரும்போது இது உன் மேசையில் இருக்கும். நான் சுகம், அத்தான் தீபாவளிக்கு வருகிறார். முழங்காலும் இந்த வாரம் என் பேச்சைக் கேட்கிறது.

விசாரணைக்கு ஏழு பேரும் போனோம். மஃறூப் நானா கடையைப் பூட்டிவிட்டுத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மேசையின் அந்தப் பக்கம் கம்பனி என்ஜினியரும் அவரோடு மூன்று பேரும், பெரிய தொரையும். நடுவில் பிரதேச செயலாளர் அம்மா. என்ஜினியர் சமுத்திரத்தில் தொடங்கினார். பெரிய வரைபடத்தைக் காட்டி அரைமணி நேரம் பேசினார். முடிவில் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஜூன் இருபத்தொண்ணு போயா. எங்க வேல நடக்கல. கொழும்புக் கருவியில அன்னைக்கும் நடுக்கம் இருக்கு. வெடிதான் காரணம்னா இது எப்படி வந்திச்சு? இவங்க கொப்பியில இது இருக்காதுங்க. வேணும்னா பாருங்க."

நீ எழுதிய மாதிரியே வந்தது. நான் எழும்பிவிட்டேன்.

"இருக்குங்க," என்றேன். "ரெண்டு பத்துக்கு. பதினொண்ணு எண்ணுற வரைக்கும். மொதல்ல ஒண்ணும் இல்லன்னு எழுதினது நான்தான். பயத்துல எழுதினேன். பொறகு வெட்டித் திருத்தியிருக்கேன், தேதியும் போட்டிருக்கேன். விசாரணைக்கு ரொம்ப முன்னுக்கே ஜப்பானுக்குத் தபால்லயும் போயிருச்சு. அன்னைக்கு வந்தது நெசமான நிலநடுக்கந்தாங்க. மத்ததெல்லாம் என்னன்னு இப்பக் காட்டுறேன்."

அந்த இரண்டு தாளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தேன். வெயில் அடித்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அந்த அம்மாவுக்குச் சொன்னேன். முதல் அலை, இரண்டாம் அலை, நடுவில் மூன்று விநாடி. அந்தத் தாளை எடுத்துவிட்டு மற்றதைக் காட்டினேன், இடைவெளி இல்லை. அவர் நாற்காலியை விட்டு எழும்பி ஜன்னலுக்கு வந்தார். விரலை வைத்துப் பார்த்தார். என்ஜினியரைத் திரும்பிப் பார்த்து, "உங்கள் வெடி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். அவர் பதிவுப் புத்தகம் கொண்டுவரவில்லை என்றார். "பரவாயில்லை, இவர்களிடம் இருக்கிறது" என்றார் அந்த அம்மா.

அதற்குப் பிறகு என்ஜினியர் பெட்டியைக் கம்பனியிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் ராக்காயி அக்கா பேசினார். "பெட்டி தரையில ஒட்டியிருக்குங்க. வேணும்னா தரையோட பேத்து எடுத்துக்கிட்டுப் போங்க. அப்பவாச்சும் வேற வீடு கட்டித்தரணும்ல." செயலாளர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். பெட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்று.

கொழும்பிலிருந்து ஆட்கள் தங்கள் கருவிகளோடு வந்து பார்க்கும் வரை வெடி வைக்கக்கூடாது என்று உத்தரவு. பத்தாம் தேதியிலிருந்து தரை அசையவில்லை. வீட்டுக்கு இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அது நடக்குமா, எப்போது நடக்கும் என்று தெரியாது. சுவர்கள் அப்படியேதான் இருக்கின்றன. மழையும் விடவில்லை. வீடு வரும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

இன்னொன்றும் நடந்தது. விசாரணைக்கு மறுநாள் பெரட்டில் வழக்கம்போல என் பெயரைக் கூப்பிடவில்லை. கண்டாக்கையா கொப்பியை மூடினார். ஒருவரும் மலைக்கு ஏறவில்லை. முப்பத்தொரு பெண்கள், கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் சொல்லிவைக்கவில்லை. யார் முதலில் உட்கார்ந்தது என்று இன்றைக்கும் ஒருவரும் சொல்வதில்லை. வெள்ளியும் அப்படியே. சனியும் அப்படியே. கொழுந்து முற்றத் தொடங்கியது. பெரிய தொரை ஆள் அனுப்பினார், ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதுமாம். "தப்பா எழுதின வரிய வெட்டித் திருத்தியாச்சு. வேற திருத்த ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை. மூடுபனி. எல்லாரும் நின்றோம். கண்டாக்கையா கொப்பியை விட்டுத் தலையைத் தூக்காமல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நடுவில், வாய்க்குள்ளேயே, "சண்முகவடிவு" என்றார்.

எனக்குக் கேட்டது. நான் பேசாமல் நின்றேன். அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். பிறகு மேல் மலை வரைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை கூப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான், "இருக்கேங்க" என்றேன்.

உன் அக்கா,
சண்முகவடிவு